அயலும் நீரும்
யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர்வாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுதானும் இல்லை. தெல்லிப்பழைப் பகுதியிலிருந்து அராலிக் கடலை நோக்கிச் செல்லும் வழுக்கையாறும் மாரிமழையின்போது மட்டுமே ஆறெனப் பெயர்பெறுவது. மலை இல்லை; மழையை ஏந்திவைத்துக் கோடையில் வழங்கும் பெருங்காடும் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புடைய இந்நிலத்தை மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருப்பதோடு, நிலத்தின் உள்ளேயும் கடனீரேரிகள் ஊடுருவிக் கிடக்கின்றன. இத்தகைய நிலத்தில் நெருக்கமான குடித்தொகையும், செறிவான தோட்டச் செய்கையும், கோயிலும் கல்விக்கூடமும் சார்ந்ததொரு நாகரிக வாழ்வும் பல நூற்றாண்டுகளாக நிலைபெற்றமை எவ்வாறு என்பது வரலாற்று மாணவர் கருத்திற்கொள்ள வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்தவரின் கடின உழைப்பையும் சிக்கனத்தையும் விடையாகக் கூறுவது வழக்கம். அது முழு விடையன்று. தனியொருவரின் உழைப்பினாலும் சிக்கனத்தினாலும் காக்கப்படக்கூடிய பொருளாக இந்நிலத்தின் நீர் அமைந்திருக்கவில்லை. அயலவர் ஒருவரையொருவர் சார்ந்து செய்த நாளாந்தச் சிறு செயல்களின் தொகுதியே அதனைக் காத்தது. ஆனால் அச்சார்பு சமத்துவத்தின்மீது எழுந்ததன்று என்பதும் உடன் கூறப்படவேண்டிய உண்மையாகும். இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே நோக்கும்பொழுதுதான் பழைய வாழ்முறையிலிருந்து இன்றைய தலைமுறை எதனை எடுத்துக்கொள்ளலாம், எதனை விலக்கவேண்டும் என்பது தெளிவாகும்.

நிலத்தின் இயல்பு

குடாநாட்டின் அடித்தளம் மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் அளவிற் பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கின்றது. அம்மழைநீர் செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை ஆகிய பகுதிகளில் இவ்வாறு தேங்கும் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மீது ஒரு வில்லையைப்போல மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது என்பதே இதற்குக் காரணம்.

இவ்வமைப்பில் ஒரு நுட்பமான விதி உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர் கொண்ட கோட்பாடு. அதன் மறுபக்கம் அச்சந் தருவது. மேலேயுள்ள நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழேயுள்ள உவர்நீர் பன்மடங்கு மேலெழ முயலும். எனவே ஒருவர் தம் கிணற்றிலிருந்து அளவுக்கு மிஞ்சி இறைப்பாராயின், அவர் இறைப்பது தமது நீரை மட்டுமன்று. அயலவரின் கிணற்றையும் சேர்த்தே உவராக்குகின்றார். காணிக்கு எல்லையுண்டு, வேலியுண்டு, உறுதியுண்டு. நிலத்தடி நீருக்கு அவை எவையும் இல்லை. இயற்கையே இங்கு நீரைப் பொதுச்சொத்தாக ஆக்கிவைத்தது எனலாம். புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்நிலத்தடி நீரோட்டத்தின் புறத்தோற்றங்களாகும். எமேர்சன் ரெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிற் புத்தூர்க் கிணற்றைத் தனியே எடுத்து விவரித்தமை, இந்நிலத்தின் நீரமைதி அந்நியரையும் வியக்கவைத்தமைக்குச் சான்றாகும்.

குளமும் கேணியும்

நிலத்தடியில் நீர் தங்கவேண்டுமாயின் மழைநீர் கடலுக்கு ஓடிவிடாது நிலத்திற் சிறிதுகாலம் நிற்கவேண்டும். இப்பணியைச் செய்தவை குடாநாடெங்கும் சிதறிக்கிடக்கும் குளங்களாகும். இவற்றின் தொகை ஏறத்தாழ ஆயிரம் எனக் கணக்கிடப்படுகின்றது. வன்னிப் பெருங்குளங்களோடு ஒப்பிடும்பொழுது இவை மிகச் சிறியன. பல, கோடையில் வற்றிவிடுவன. ஆயினும் இவற்றின் பயன் மேலே தெரியும் நீரில் மட்டும் தங்கியிருக்கவில்லை. குளத்தில் நின்ற நீர் மெல்ல மெல்லக் கீழிறங்கிச் சுற்றாடற் கிணறுகளின் ஊற்றாக மாறியது. ஒரு குளம் நிறைந்தால் மிகுதி நீர் வெள்ளவாய்க்கால் வழியே அடுத்த குளத்தைச் சென்றடைந்தது.

குளத்தைப் பேணுதல் ஊரவர் பணியாக இருந்தது. கோடையில் நீர் வற்றியபின் அடியிற் படிந்த வண்டல் வெட்டி எடுக்கப்பட்டு வயலுக்கும் தோட்டத்துக்கும் உரமாக இடப்பட்டது. குளத்துக்கு ஆழமும் நிலத்துக்கு வளமும் ஒரே வேலையாற் கிடைத்தன. குளக்கட்டிலே மருதும் ஆலும் நின்றன. கோயிற் கேணி நீராடலுக்கும் தீர்த்தத்துக்கும் உரியதாக, ஊரார் கண்காணிப்பில் இருந்தது. நல்லூரில் இன்றும் காணப்படும் யமுனா ஏரியை யாழ்ப்பாண அரசர் காலத்தோடு மரபு இணைத்துக் கூறும். தெருவோரத்தில் வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், கால்நடை நீரருந்தத் தொட்டியும், அவை உடலை உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், மனிதர் தங்க மடமும் அருகருகே அமைந்திருந்ததை இன்றும் எஞ்சியுள்ள சின்னங்களாற் கண்டறியலாம். நீர்நிலை என்பது மனிதனுக்கு மட்டும் உரியதன்று என்ற எண்ணம் இவ்வமைப்பிற் கல்லாகவே நிற்கின்றது.

கிணற்றுப் பங்கும் துலாவும்

குளம் ஊருக்குப் பொதுவானது. கிணறோ சில குடும்பங்களுக்குப் பொதுவானது. குடாநாட்டிலுள்ள கிணறுகளின் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம் எனக் கூறப்படுவதுண்டு. சுண்ணாம்புக்கல்லை உடைத்துக் கிணறு தோண்டுதல் பெருஞ்செலவு பிடிக்கும் வேலையாதலாற் பல காணிக்காரர் ஒரு கிணற்றுக்குப் பங்காளிகளாயினர். தந்தை இறந்தபின்னரோ சீதனம் வழங்கப்படும்பொழுதோ காணி பிரிக்கப்பட்டது, கிணறு பிரிக்கப்படவில்லை. இதனாலேயே யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் நிலத்தின் பரப்பும் எல்லையும் எழுதப்பட்டபின், கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் தவறாது இடம்பெறலாயின. கிணற்றிலே கால்வாசிப் பங்கும் அரைக்கால்வாசிப் பங்கும் உடையவர் அப்பங்குக்கேற்ற நாளில் இறைத்துக்கொள்ளும் ஒழுங்கு முறை என வழங்கப்பட்டது. ஒருவரின் முறைநாளில் மற்றொருவர் இறைத்தல் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. இதனால் எழுந்த வழக்குகள் பல. ஆயினும் வழக்கு எழுந்தமையே விதி இருந்தமைக்குச் சான்றாகும்.

இவ்வழமைகளை எழுத்திற் கொணரும் முயற்சி ஒல்லாந்தர் காலத்தில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமை, 1707ஆம் ஆண்டிற் பன்னிரண்டு முதலிமாரின் பரிசீலனைக்கு விடப்பட்டு நிறைவெய்தியது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். எல்லையில் நிற்கும் மரத்தின் பயன் யாருக்குரியது என்பது போன்ற, அயலவரிடையே நாள்தோறும் எழக்கூடிய சிறு பிணக்குகளையும் அது கருத்திற்கொண்டது. காணியை விற்க விரும்புபவர் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் அறிவித்து, அவர்கள் வாங்காவிடத்தே பிறருக்கு விற்கவேண்டும் என்ற முன்னுரிமை விதியும் அதிற் குறிப்பிடத்தக்கது. இவ்விதியின் விளைவாகக் கிணற்றைச் சூழ்ந்த நிலம் ஒருவரையொருவர் அறிந்தவர் கையிலேயே பெரும்பாலும் தங்கியிருந்தது. அறிமுகமானவரிடையே ஒழுங்கைக் காப்பது எளிது. பழிக்கு அஞ்சுதலும் அங்கு ஒரு காவலாக நின்றது.

நீரிறைத்த கருவியும் கூட்டுவாழ்வை வேண்டிநின்றது. துலாவில் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பவர் ஒருவரோ இருவரோ. பனையோலைப் பட்டையைக் கிணற்றில் இறக்கி நீர் முகந்து வாய்க்காலில் ஊற்றுபவர் ஒருவர். வாய்க்கால் வழி வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்பிவிடுபவர் இன்னொருவர். விடியுமுன் தொடங்கும் இவ்வேலையைத் தனி மனிதர் எவரும் செய்தல் இயலாது. எனவே இன்று உமது தோட்டத்துக்கு நான், நாளை எனது தோட்டத்துக்கு நீர் என்ற கைமாற்று உழைப்பு வளர்ந்தது. இதனினும் முக்கியமான ஒன்றுண்டு. துலா தானே ஓர் அளவுகோலாக அமைந்தது. மனித உடலின் களைப்பு எங்கு தொடங்கியதோ அங்கு இறைப்பு நின்றது. மிகுதிப் பொழுதிற் கிணறு ஊறி முன்னைய மட்டத்தை அடைந்தது. உவர்நீர் மேலெழாமற் காத்தது யாருடைய அறிவுரையுமன்று. துலாமிதித்த கால்களின் தளர்ச்சியே.

வேலியும் அடுப்படியும்

நீரைப்போன்றே நிலத்தின் வளமும் நாளாந்தச் செயல்களாற் பேணப்பட்டது. சுண்ணாம்புக்கல்லின் மேலுள்ள மண் பல இடங்களில் ஆழமற்றது. இட்ட உரத்தையும் விட்ட நீரையும் நெடுநாள் தாங்காதது. அதனை ஈடுசெய்தவை வேலிகளாகும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை முதலியவற்றைக் கதியாலாக நாட்டி வளர்த்த வேலி, காணிக்கு எல்லையாகவும் ஆட்டுக்கு உணவாகவும் நிலத்துக்கு உரமாகவும் பயன்பட்டது. குழை வெட்டி நிலத்தில் தாழ்த்தல் ஆண்டுதோறும் நிகழ்ந்த ஒரு வேலை. வேலியை அடைத்த பனையோலை ஓரிரு ஆண்டுகளில் உக்கியபின் அதுவும் தோட்டத்துக்கே சென்றது. அறுவடை முடிந்த நிலத்தில் மாட்டுப்பட்டியும் ஆட்டுப்பட்டியும் அடைக்கப்பட்டன. கால்நடை வைத்திருப்பவரும் காணி வைத்திருப்பவரும் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டனர்.

வீட்டினுள்ளும் இதே ஒழுங்கு நிலவியது. கிணற்றடியிற் குளித்த நீர் வாழைக்கும் கமுகுக்கும் பாய்ந்தது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் பயிருக்கு இடவும் உதவிற்று. பனை, உணவாகவும் கூரையாகவும் பெட்டியாகவும் கடகமாகவும் பட்டையாகவும் பயன்பட்டு ஈற்றில் விறகாகவோ உரமாகவோ முடிந்தது. இவ்வேலைகளிற் பெரும்பகுதியைச் செய்தோர் பெண்கள். உறுதிகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் துலாவும் கலப்பையும் இடம்பெற்ற அளவுக்கு அடுப்படியும் கிணற்றடியும் இடம்பெறவில்லை. ஆனால் எறியப்படும் பொருள் என ஒன்று இல்லாத அவ்வாழ்வின் உண்மையான நடத்துநர் அவர்களே என்பது மிகையன்று.

நிழலின் மறுபக்கம்

இதுவரை கூறியவற்றை மட்டும் கொண்டு பழைய யாழ்ப்பாணம் ஒரு பொற்காலம் என முடிவுகட்டுவோமாயின் வரலாற்றுக்குத் துரோகம் இழைத்தவராவோம். முதலிமார் பன்னிருவர் பரிசீலித்த அதே தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் உள்ளன. காணிக்கும் மரத்துக்கும் விதி வகுத்த சமூகம் மனிதரையும் உடைமைகளின் வரிசையில் வைத்தே எண்ணியது. அடிமைமுறை 1844ஆம் ஆண்டிற் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும், குடிமை என்னும் கட்டுப்பாடு வேறு வடிவங்களில் நீடித்தது. துலா மிதித்த கால்கள் எல்லாம் பங்காளிகளின் கால்களல்ல. கிணற்றைத் தோண்டியவர், துலா மிதித்தவர், குளத்து வண்டலைச் சுமந்தவர் ஆகியோரிற் பலர் அக்கிணற்றில் தம் கையால் ஒரு வாளி நீர் அள்ளும் உரிமை அற்றவராக இருந்தனர். உயர்சாதியார் ஒருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற பெண்களின் துயரம் ஈழத்து இலக்கியத்திற் பதிவுபெற்றுள்ளது. கே. டானியல் தம் நாவல்களுள் ஒன்றுக்குத் தண்ணீர் என்றே பெயரிட்டமை தற்செயலானதன்று.

நிலத்தடியிற் பிரிவினையறியாத நீர், நிலத்தின்மேல் வந்ததும் சாதியாற் பிரிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைக் குற்றமாக்கிற்று. ஆயினும் சட்டம் மட்டும் தேநீர்க்கடையையோ கோயிலையோ திறந்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டு ஒற்றோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும், ஒடுக்கப்பட்ட மக்கள் தம் உரிமைகளைத் தாமே போராடிப் பெறவேண்டியிருந்தமையைக் காட்டுகின்றன.

எனவே பழைய ஒழுங்கு இரு தூண்களின்மீது நின்றது எனலாம். ஒன்று அயலவரிடையேயான கடமையுணர்வு, மற்றொன்று கட்டாயம். இலங்கையின் பிற பகுதிகளின் வரலாறும் இதனை உறுதிசெய்யும். கோல்புறூக்கின் சிபாரிசின்படி 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. அது மனித விடுதலையை நோக்கிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டாய உழைப்பு நீங்கிய இடத்திற் கிராமக் குளங்களைப் பராமரிக்கும் வேறோர் ஒழுங்கு உருவாக்கப்படவில்லை. குளங்கள் பல பாழாயின. இதனையுணர்ந்த பிரித்தானிய அரசு 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்தின் மூலம் பழைய கிராம வழக்காறுகளுக்கு மீண்டும் உயிரூட்ட முற்பட்டது. தளையை அறுத்தல் ஒரு பணி. தளையினாற் கட்டப்பட்டிருந்த கடமையை விடுதலை பெற்ற மக்கள் தாமாகவே மேற்கொள்ளச் செய்தல் இன்னொரு பணி. முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்தமை அரசாங்கத்துக்கு மட்டும் உரிய தவறன்று.

இயந்திரம் வந்தபின்

யாழ்ப்பாணத்தில் இம்மாற்றம் நீரிறைக்கும் இயந்திரத்தின் வடிவில் வந்தது. 1950களிலிருந்து பரவத்தொடங்கிய இவ்வியந்திரங்கள் துலாவை விரைவில் ஓரங்கட்டின. உழைப்பாளியின் முதுகை ஒடித்த வேலை ஒழிந்தமை நன்மையே. சாதியடிப்படையிலான குடிமை உழைப்பின் பிடி தளர்ந்தமைக்கும் அது ஓரளவு துணைபுரிந்தது. ஆயினும் களைப்பறியாத இயந்திரத்துக்கு நிறுத்துமிடம் தெரியாது. ஒருவரே தனித்து நின்று, முன்னர் நால்வர் ஒரு நாளில் இறைத்த நீரைச் சில மணித்தியாலத்தில் இறைக்கக்கூடியவரானார். அயலவரின் கை தேவைப்படாதபோது அயலவரின் சொல்லும் தேவையற்றதாயிற்று.

1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிற் பொற்காலம் பிறந்தது. இளைஞர் பலர் தோட்டத்துக்குத் திரும்பினர், கல்வீடுகள் எழுந்தன. 1977இன் பின் வந்த தாராள இறக்குமதிக் கொள்கையால் அவ்வளம் தளர்வுற்றது. ஆனால் அக்காலத்திற் பழகிய மிகையான இறைப்பும் மிகையான இரசாயன உரமும் தளரவில்லை. குழை தந்த வேலிகள் இருந்த இடத்தில் மதில்கள் எழுந்தன. நிலத்துக்கு இட்ட உரத்திற் பயிர் உண்டதுபோக எஞ்சியது, மண் ஆழமற்ற நிலத்தில், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு வழியே நேரே கிணற்றைச் சென்றடைந்தது. நெருக்கமான குடியிருப்புகளின் மலக்குழிகளிலிருந்து கசிந்த நீரும் அதனோடு சேர்ந்தது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் செறிவு, உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான இலீற்றருக்கு 50 மில்லிகிராமையும் கடந்திருப்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

பெருந்திட்டங்களும் வகுக்கப்படாமலில்லை. கடனீரேரிகளை நன்னீராக்கும் எண்ணம், நெடுங்காலம் அரசாங்க அதிபராக இருந்த துவைனத்தின் காலந்தொட்டுப் பேசப்பட்டு வந்தது. 1950களிற் தொண்டைமானாற்றிலும் அரியாலை உப்பாற்றிலும் தடுப்பணைகள் அமைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக்கோர் ஆறு என்னும் திட்டத்தை எந்திரி ஆறுமுகம் முன்வைத்தார். பராமரிப்புக் குறைவாலும் பின்னர் வந்த போராலும் இவை நெடுங்காலம் முழுப்பயன் தரவில்லை. அணை கட்டுதல் அரசின் பணி. ஆண்டுதோறும் அதன் கதவைப் பார்த்துத் திறந்து மூடுதல் அயலாரின் பங்கின்றி நிறைவுறாத பணி.

நெருக்கடி கற்பித்தவை

1990இன் பின் போர்ச்சூழலில் இரசாயன உரமும் எரிபொருளும் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்டவேளை, மக்கள் கைவிட்ட பழைய வழிகளை மீண்டும் நாடவேண்டியவராயினர். அவ்வாறே 2021ஆம் ஆண்டில் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தபோது நாடெங்கும் விவசாயிகள் திகைத்துநின்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் அத்தடை கைவிடப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. இயற்கை உரம் என்பது கட்டளையிட்டவுடன் தோன்றும் பொருளன்று. குழைக்கு வேலி வேண்டும். வேலி வளர ஆண்டுகள் வேண்டும். எருவுக்குப் பட்டி வேண்டும். பட்டிக்குக் கால்நடை வைத்திருக்கும் அயலவர் வேண்டும். இணைப்பு அறுந்த இடத்திற் கட்டளை பயன்தராது.

2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகத்தையும் சூழவுள்ள ஊர்களையும் உலுக்கிய கிணற்று நீர் எண்ணெய் மாசு இன்னொரு பாடமாகும். எண்ணெய் படிந்த கிணறுகளைக் கைவிட்டு மக்கள் கொள்கலன் நீருக்குக் காத்துநின்றனர். காணி எல்லைகளை மதியாது பரவிய அம்மாசு, நிலத்தடி நீர் ஒன்றே என்ற பழைய உண்மையைக் கசப்பாக நினைவூட்டிற்று. மக்கள் கூடிக் குரலெழுப்பினர், வழக்கும் தொடுக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் உயர் நீதிமன்றம், மின்னுற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 1966இற் சமத்துவத்துக்காக ஊர்வலம் புறப்பட்ட அதே சுன்னாகத்தில், அரைநூற்றாண்டின் பின் நீருக்காக மக்கள் ஒன்றுதிரண்டமை நினைவிற்கொள்ளத்தக்கது. அக்கிணறுகளிற் படிந்த எண்ணெய் சாதி பார்த்துப் படியவில்லை.

இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொணரும் திட்டத்தை, தமது வயல்கள் வறளும் என அஞ்சிய கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அதன் பின்னரே கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டு, தாளையடியில் அமைந்த நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. இது தேவையானதொரு துணையே. எனினும் தம் நிலத்தடி நீரைக் காத்துக்கொள்ளாத ஒரு சமூகம், தூரத்து விவசாயியின் குளத்தையோ செலவுமிக்க இயந்திரத்தையோ நம்பி வாழவேண்டியதாகும் என்பதனையும் இது உணர்த்துகின்றது.

முடிவுரை

பழைய யாழ்ப்பாண மக்கள் சுற்றாடலைக் காத்தது தனிப்பட்ட அறவுணர்வினால் அன்று. துலா அயலவரைக் கட்டிவைத்தது. வறுமை எதனையும் எறியவிடவில்லை. சாதி ஒருசாராரைக் கட்டாயமாக உழைக்கவைத்தது. இக்கட்டுகள் தளர்ந்ததும் காப்பும் தளர்ந்தது. ஆகவே துலாவுக்குத் திரும்புவோம் என்பது வரலாற்றறிவற்ற கூற்று. அக்காலத்துக்குத் திரும்புதல் இயலாது, திரும்புதல் நீதியுமன்று.

ஆனால் கிணற்றுப் பங்கு என்னும் கருத்து அழியவேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு, பங்குக்கேற்ற முறையுண்டு, முறைக்கேற்ற கடமையுண்டு என்பதே அதன் உட்பொருள். முன்னர் உறுதியிற் பெயர் எழுதப்பட்டவர் மட்டுமே பங்காளிகளாயினர். இனி அந்நிலத்தின்மேல் வாழும் ஒவ்வொருவரும் பங்காளியாதல் வேண்டும். அவ்வாறாயின் செய்யவேண்டியவை பெரியனவல்ல. ஊர்க்குளத்து வண்டலை மாரிக்கு முன் வெட்டுதல், வெள்ளவாய்க்காலை மதிலால் மறிக்காதிருத்தல், கூரைநீரைத் தெருவுக்கு விடாது நிலத்துக்கு இறக்குதல், ஒரு பக்கத்திலாவது உயிர்வேலி நாட்டுதல், மலக்குழியைக் கிணற்றுக்கு விலக்கி அமைத்தல், பயிர் வேண்டிய அளவுக்கு மட்டும் இறைத்தல் ஆகியனவே அவை. இவற்றுள் எதனையும் ஒருவர் தனித்துச் செய்தாற் பயன் சிறிது. அயலார் கூடிச் செய்தால் அடுத்த பங்குனியிற் கிணறே விடை சொல்லும். ஊர்தோறும் உள்ள வாசிகசாலைகளும், கிராம முன்னேற்றச் சங்கங்களும், கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கேற்ற களங்களாகும்.

அன்று தேவையும் கட்டாயமும் செய்வித்த பணியை இன்று உணர்வும் சமத்துவமும் செய்விக்கவேண்டும். அது இயலுமா என்பதை நூல்களோ திட்டங்களோ மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில், கண்ணுக்குத் தெரியாது, உவர்நீரின்மீது மிதந்துகொண்டிருக்கும் அந்த மெல்லிய நன்னீர் வில்லையின் கனமே அதனைத் தீர்மானிக்கும்.